மேலப்பாளையத்துப் புகார்கள்

தெற்கு ரதவீதி,
திருநெல்வேலி டவுண்,
16.11.1997

அன்புள்ள சித்ராவுக்கு,

அக்கா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அந்த ஊர்க் குளிர் கொஞ்சம் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மழை அடித்து ஓய்ந்திருக்கிறது. குறுக்குத்துறைக் கோயில் ஆற்று வெள்ளத்தில் பாதி முங்கிக் கிடக்கிறது. எனக்குச் சளி வந்தது, தானாகப் போய்விட்டது. வேறு குறை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மேலப்பாளையத்தில் அச்சகம் வைத்திருக்கிற இப்ராஹிம் அண்ணாச்சி நேற்று நான் பாடம் எடுக்கிற பாலிடெக்னிக் வாசலுக்கே வந்துவிட்டார். "டீச்சரம்மா, நம்ம சிற்றாறு படுத்துட்டு. துபாய்ல இருந்து ஒருத்தரு கடை தொறப்பு நோட்டீசுக்குப் போட்டோவ பிளாப்பில அனுப்பியிருக்காரு. தொறந்தா அடிச்சது மொத்தமும் போய்ருது. ஆளு வந்து கடையில உக்காந்திருக்கான், நான் என்ன சொல்லது?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார். பத்து வாத்தியார்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிற்றாறு என்று பெயர் வைத்து நாம் காசு வாங்காமல் கொடுத்த புரோகிராமுக்கு இவ்வளவு உரிமையோடு சண்டை போட நம் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

தமிழ் அடிப்பது, பக்கம் கட்டுவது எல்லாம் நீயும் நானும் மாடியில் உட்கார்ந்து எழுதியது, அதில் கோளாறு இல்லை. படம் திறக்கிற பகுதியில்தான் இடிக்கிறது. அது நம்முடையது இல்லையே. டென்மார்க்காரர் ஒருவர் எழுதி எல்லோரும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளப் பொதுவாக வைத்திருந்த லைப்ரரியை அப்படியே தூக்கிச் சிற்றாற்றுக்குள் வைத்துக்கொண்டோம். தொண்ணூற்று நாலில் வைத்தது, அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் புதிதாக ஏதும் வெளியிட்டிருக்கிறாரா என்று இன்டர்நெட்டில் பார். இங்கே அதற்குச் சென்னைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். போட்டாலும் லைன் நிற்பதில்லை.

முடிந்தால் செய், அவசரமில்லை. அண்ணாச்சியை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
சங்கரி


கொலம்பஸ், ஒஹாயோ,
7.12.1997

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் சௌக்கியம். சளிக்கு மருந்து சாப்பிட்டாயா, அல்லது வழக்கம்போல் சுக்கைத் தட்டிப் போட்டதோடு விட்டுவிட்டாயா?

டென்மார்க்காரர் சும்மா இருக்கவில்லை. நாம் எடுத்து வைத்த பிறகு எத்தனையோ பதிப்புகள் வெளியிட்டுவிட்டார். எங்கெங்கே ஓட்டை என்று ஊர் உலகத்தில் உள்ளவர்கள் சொல்லச் சொல்ல அடைத்திருக்கிறார். நம்மிடம் இருப்பது அந்த ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருக்கிற பழைய பிரதி. அண்ணாச்சியின் துபாய்ப் போட்டோ அதில் ஒன்றில் காலை விட்டிருக்கிறது. எழுத்து வரைகிற லைப்ரரி, ஃபைலைச் சுருக்கி வைக்கிற லைப்ரரி, அவையும் வெளியார் எழுதியவைதானே, அவையும் இதே கதிதான். முதலில் படத்தைச் சரிசெய்து டிஸ்க்கை இதோடு அனுப்புகிறேன். மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

நேரம் நிறைய இருக்கிறது அக்கா. இவர் திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பினால் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப் போகுமாம், அதற்காக ஒவ்வொரு ஊராக அனுப்புகிறார்கள். நல்ல மனுஷன், தினமும் ஃபோன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்று சொல்வேன். அதற்குமேல் பேச்சு வரமாட்டேன் என்கிறது. என் விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துகிற இடம் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே குளித்து, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி. மற்ற நாட்களில் அதற்கெல்லாம் அவசியம் வருவதில்லை.

அண்ணாச்சிக்கு இன்னும் என்ன குறை என்று கேட்டு எழுது.

உன் தங்கை,
சித்ரலேகா


திருநெல்வேலி டவுண்,
1.2.1998

அன்புள்ள சித்ராவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். பொங்கல் நன்றாகவே நடந்தது. ஒருத்திக்குப் பொங்கல் விடுவதற்கு எந்த அளவு அரிசி போட வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

டிஸ்க் நல்லபடியாக வந்தது. கடை திறப்பு நோட்டீஸ் அச்சாகி, கடையும் திறந்தாகிவிட்டது. நீ கேட்டபடி குறைகளைக் கேட்டேன். அண்ணாச்சி சும்மா விடுவாரா? 'ஸ்ரீ' அடித்தால் பக்கத்து எழுத்தின்மேல் போய்ச் சாய்ந்துகொள்கிறதாம். கோயில் கொடை விழா நோட்டீஸ் முழுக்க ஸ்ரீதானே, எல்லாம் வரிசையாகச் சாய்ந்து தூங்குகிற மாதிரி இருக்கிறதாம். களக்காட்டில் ஞானசம்பந்தன் சார், நம் சிற்றாற்றிலேயே பள்ளி ஆண்டுமலர் போடுகிறாரே, அவர் பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தால் ஓரம் பிசிறடிக்கிறது என்று எழுதியிருக்கிறார். இரண்டும் எழுத்து வரைகிற லைப்ரரி சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறேன். பார்த்துச் செய்.

தேர்தல் வருகிறது. மேலப்பாளையத்தில் எல்லா அச்சகத்திலும் வேலை மும்முரம். சிற்றாற்றுக்கும் அதனால் மூச்சு விட நேரமில்லை.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கல்லூரி, வீடு, கல்லூரி.

உன் அக்கா,
சங்கரி


கொலம்பஸ்,
1.3.1998

அன்புள்ள அக்கா,

உன் சௌக்கியத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்க மாட்டாய் போலிருக்கிறது. சரி, நாங்கள் சௌக்கியம்.

ஸ்ரீ நிமிர்ந்துவிட்டது! எழுத்து வரைகிற லைப்ரரியின் புதுப் பதிப்பை எடுத்தேன். பழைய ஃபோல்டரை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைத்தேன். உடனே சிற்றாறு முறுக்கிக்கொண்டது. அவர்கள் அழைக்கிற முறையை மாற்றிவிட்டார்கள், நாம் இன்னும் பழைய முறையில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு இடமாகத் தேடித் திருத்த இரண்டு வாரம் ஆனது. தலைப்பின் பிசிறும் போய்விட்டது, ஞானசம்பந்தன் சாரிடம் சொல். சுருக்குகிற லைப்ரரியையும் கையோடு மாற்றிவிட்டேன். அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லைதான், ஆனாலும் பழசை ஏன் வைத்திருக்க வேண்டும்?

சிற்றாற்றை இன்டர்நெட்டிலும் ஒரு பக்கத்தில் வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உள்ளே திறந்து மாற்றலாம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிவைத்தேன். இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பரவாயில்லை, எனக்கு நம் ஜில்லாக்காரர்கள் போதும். இங்கே பனி கொட்டுகிறது. நான் மேலப்பாளையம் பஸ்ஸை நினைத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி கடையில் ஸ்ரீ நேராக நின்று அச்சாகி வருவதை நினைத்துக்கொள்கிறேன். இவரிடம் ஃபோனில் சாப்பிட்டேன் என்றதைத் தவிர, இந்த வாரம் முழுக்க நான் வாய்திறந்து பேசியது கடைக்காரியிடம் சொன்ன ஒரு தேங்க்யூதான். ஆனால் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது அல்லவா?

இன்னும் புகார் அனுப்பு. நிறைய அனுப்பு.

உன்,
சித்ரா


திருநெல்வேலி டவுண்,
29.3.1998

அன்புள்ள சித்ராவுக்கு,

ஒரே மாதத்தில் உன்னிடமிருந்து மூன்று டிஸ்க். தபால்காரர், "அமெரிக்காவுல இருந்து தெனமும் என்னம்மா வருது? டாலரா?" என்று கேட்டார். டாலர் இல்லை, லைப்ரரி என்றேன். புத்தகமா என்று பார்சலை ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். டிஸ்க் பிழைத்தது.

எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சிக்கு ஏகத் திருப்தி. 'தங்கச்சி கையில வித்தை இருக்கு' என்றார். ஆனால் அவருக்குத் திருப்தி ஒரு வாரத்துக்குமேல் தாங்காதே. இப்போது ஆள் படம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறதாம், மெலிந்தவர்கள் எல்லாம் தொப்பையோடு வருகிறார்களாம். தேர்தல் முடிந்து நன்றி நோட்டீஸ் அடிக்க வந்த வேட்பாளர் ஒருவர் இதைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டாராம், பரவாயில்லை. நீ பொறுமையாகப் பார்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். கடைசி இரண்டு டிஸ்க்கிலும் லைப்ரரிகளில் கமா, முற்றுப்புள்ளி அளவுக்குத்தான் மாற்றம். நானும் இந்த வேலை பார்த்தவள், எனக்குத் தெரியும். வேறு வேலை இருக்கிற எவளும் அதற்காக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டி, பார்சல் செய்து, பனியில் நடந்துபோய்த் தபாலில் போட மாட்டாள். நீ எப்படி இருக்கிறாய்? லைப்ரரி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அதற்காக ஓடி வந்துவிடாதே. எனக்கு இங்கே தலைக்குமேல் வேலை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் அக்கா,
சங்கரி


கொலம்பஸ்,
10.5.1998

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலம்தானே. அங்கே அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்திருக்கும், மத்தியானம் வெளியே அலையாதே.

இந்த டிஸ்க்கைப் பத்திரமாகப் பிரி. டென்மார்க்காரர் தன் லைப்ரரியை அடியிலிருந்து திருப்பி எழுதிப் புதுப் பதிப்பு வெளியிட்டிருக்கிறார். கமா, முற்றுப்புள்ளி இல்லை அக்கா, உண்மையாகவே பெரிய மாற்றம். படம் பாதி நேரத்தில் திறக்கிறது. இழுத்துக்கொண்டு போகிற தொந்தரவு இனி வரவே வராது. நான் இங்கே அதை உண்டாக்கிப் பார்க்க எவ்வளவோ முயன்றேன், என்னிடம் எல்லாப் படமும் ஒழுங்காகவே வந்தது. அண்ணாச்சியின் மெஷினுக்கு மட்டும் என்ன கோபமோ! அதனால்தான் மொத்தமாக மாற்றிவிட்டேன். இரவும் பகலுமாக ஒரு மாதம்.

முதலில் அண்ணாச்சியிடம் போட்டுக் கொடு. அவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. நான் அதற்காகத்தான் காத்திருப்பேன்.

உன்,
சித்ரா


கொலம்பஸ்,
7.6.1998

அக்கா,

அவசரம். ஃபோன் செய்து செய்து பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். போன மாதம் அனுப்பிய டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதே. கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்ப் பழையதைத் திருப்பிப் போடு.

இன்று காலை அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு நாம் சிற்றாற்றில் செய்த நோட்டீஸ் என்னிடம் இருக்கிறது. முகத்தைப் பார்க்கலாம் என்று திறந்தேன். 'சிவசண்முகம்' என்ற பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, படம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளைக் கட்டம். ஸ்கேனர் படம் ஒரு பிளாப்பியில் அடங்கவில்லை என்று அந்த வருஷம் நாம் ஒரு காரியம் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? படத்தை நம் சொந்த முறையில் இறுக்கிச் சேமிக்க டென்மார்க்காரரின் லைப்ரரிக்குள்ளேயே கையை விட்டு மாற்றி எழுதினோம். எங்கேயும் குறித்துவைக்கவில்லை. போன டிசம்பரில் அவர் திருத்திய ஃபைல்களை மட்டும் எடுத்து மாற்றினேன், நம் கை பட்ட ஃபைலை அவர் தொடாததால் அது தப்பியது. இந்தத் தடவை நான் பழைய ஃபோல்டரைத் தூக்கி எறிந்தபோது நம் கைவேலையும் அதோடு போய்விட்டது.

அப்படியானால் சிற்றாற்றில் இதுவரை யார் செய்த நோட்டீஸாக இருந்தாலும் சரி, பழைய படம் ஒன்றுகூடத் திறக்காது. ஒன்றுகூட! வருஷா வருஷம் அதே படத்தை வைத்து நினைவஞ்சலி அடிக்க வருகிறவர்களுக்கு அண்ணாச்சி என்ன பதில் சொல்வார்? ஞானசம்பந்தன் சாரின் மலர்கள் எல்லாம் என்ன ஆகும்? ஆறு மாதமாக என்னை நம்பியவர்கள் முகத்தில் கரியைப் பூசிவிட்டேன்.

பழையதைப் போடு. நான் சரிசெய்து அனுப்புகிறேன்.

சித்ரா


திருநெல்வேலி டவுண்,
10.6.1998

அன்புள்ள சித்ராவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நீ ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய் அல்லவா, அதனால் லீவு முடிவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை மேலப்பாளையம் போய் நானே அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். பழைய நோட்டீஸ்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். போன வருஷத்து அஞ்சலி, அதற்கு முந்தின வருஷத்துக் கொடை நோட்டீஸ், எல்லாப் படமும் பளிச்சென்று வந்தது. முன்னைவிடத் தெளிவு. "தங்கச்சி அங்கன உக்காந்துகிட்டு இங்கன உள்ள ஆளுக்கெல்லாம் மொகம் கழுவிவிட்டுருக்கா" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீ வாங்கித் தந்தார். ஞானசம்பந்தன் சாரும் மலரின் பழைய படங்கள் நன்றாகத் திறக்கின்றன என்று கார்டு போட்டிருக்கிறார்.

ஆகவே நீ நிம்மதியாக இரு. ஒரு வாரமாவது ஓய்வு எடு. நெல்லையப்பர் தேருக்குப் பந்தக்கால் நட்டாகிவிட்டது, தெருவில் இப்போதே சத்தம்.

உன் அக்கா,
சங்கரி


திருநெல்வேலி டவுண்,
28.6.1998

அன்புள்ள சித்ரா,

உன் ஏழாம் தேதிக் கடிதம் நான் பத்தாம் தேதி எழுதியதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். போன ஞாயிறு ஃபோன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். "அவ தூங்குதா மதினி, எந்திச்சதும் பேசச் சொல்லுதேன்" என்றார். உங்கள் ஊரில் அப்போது காலை பதினொரு மணி. நீ பிறகும் பேசவில்லை. ஆகவே உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இப்ராஹிம் அண்ணாச்சி தை மாதமே சிற்றாற்றை விட்டுவிட்டார். அவர்மேல் தப்பு இல்லை. "மெட்ராஸ்ல இருந்து வாரவன் எல்லாம் புது புரோகிராம்லதான் கேக்கான் டீச்சரம்மா, நான் எத்தன நாளைக்குச் சமாளிக்கது? தங்கச்சிட்ட சொல்லிராதிய, மனசு சங்கடப்படும்" என்று சொல்லிவிட்டு, விலை கொடுத்து வேறு ஒன்று வாங்கினார். களக்காட்டில் இடி விழுந்து ஞானசம்பந்தன் சாரின் கம்ப்யூட்டர் போனது. புதியதோடு அவரும் மாறிக்கொண்டார். வேறு யாரும் இல்லை. நீ அனுப்பிய டிஸ்க்குகளை என் ஒரு கம்ப்யூட்டரில் போட்டேன். அதில் பழைய படம் எதுவும் கிடையாது, அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

துபாய்ப் போட்டோ உண்மை. ஸ்ரீ சாய்ந்தது என் கண்ணில் பட்டது, அதுவும் உண்மை. மற்றவை அண்ணாச்சியும் நானும் சேர்ந்து கட்டியவை. நான் போய் உட்கார்ந்ததும், "இந்த வாரம் தங்கச்சிக்கு என்ன எழுதுதிய? படம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவுதுன்னு எழுதுங்க. அதுல ரெண்டு மாசம் ஓடிரும்லா" என்பார். அந்தத் தொப்பை வேட்பாளர் அவர் கற்பனை. அவருக்கும் உன்மேல் பிரியம்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். வேலை வந்தால்தான் தலை வாரிக்கொள்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தபிறகு, யாரும் உன் புரோகிராமை வைத்திருக்கவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ தலை வாரிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே புகார் எழுதினேன். இல்லாத கோளாறுக்காக ஒரு மாதம் இரவும் பகலும் நீ உட்காருவாய் என்று நான் நினைக்கவில்லை.

திட்டியாவது எழுது.

சங்கரி


கொலம்பஸ்,
13.9.1998

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். வேறு காரணம் தேடிச் சொல்ல விரும்பவில்லை.

உன் பத்தாம் தேதிக் கடிதம் வந்த அன்று நான் வாசலிலேயே நின்று படித்தேன். எல்லாப் படமும் பளிச்சென்று வந்தது என்று எழுதியிருந்தாய். ஒரு படமும் திறக்காது என்று எனக்குத் தெரியும். அப்பா முகமே திறக்கவில்லை. முதலில் எனக்குப் புரியவில்லை, நீ எதையோ மாற்றிப் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது. உடைந்த ஒன்று உடைந்திருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை என்று. அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல் எனக்குப் புகார் கொடுத்திருக்கிறாய். ஆடி மாதம் முழுக்க நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. தலையும் வாரவில்லை, நீ கவலைப்படுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். இவர் பயந்துபோய் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரங்களை எல்லாம் துலக்கி வைத்தார்.

ஆவணியில் ஒருநாள் மறுபடி உட்கார்ந்தேன். யாருக்காகவும் இல்லை. அப்பா படம் திறக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தடவை டென்மார்க்காரரின் லைப்ரரியைத் தொடவே இல்லை. நம் இறுக்குகிற முறையைத் தனியாக, அதற்கு வெளியே, நம் பெயரில் ஒரு சிறு ஃபைலாக எழுதினேன். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று மேலே தமிழில் விளக்கமும் எழுதினேன். அப்பா படம் திறந்தது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்; அந்த நோட்டீஸையும் டிஸ்க்கில் போட்டு இதோடு அனுப்புகிறேன். இனி அவர் புதுப் பதிப்பு வெளியிட்டால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும், எதுவும் உடையாது. முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். அதைச் செய்ய இனி நான் தேவையில்லை, நீயே செய்துகொள்ளலாம்.

வேலைக்கு நடுவில் அவருடைய லைப்ரரியிலேயே ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடித்து அவருக்கு எழுதிப்போட்டேன். பதில் வந்தது. சரிதான், திருத்திவிட்டேன், நன்றி என்று இரண்டே வரி. என்னை யார் என்றே தெரியாத மனுஷன். என்னிடம் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை என்று நினைத்து நினைத்துப் படித்தேன்.

கோபம் ஆறிய பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். அண்ணாச்சி இருக்கிறார், ஞானசம்பந்தன் சார் இருக்கிறார், தபால்காரர்கூட இருக்கிறார். நீ இல்லை. கல்லூரி, வீடு, கல்லூரி என்று ஒரு வரி. ஒருத்திக்குப் பொங்கல் விட அரிசி அளவு தெரியவில்லை என்று ஒரு வரி. அதை நான் அப்போது வேடிக்கையாகப் படித்துவிட்டு ஸ்ரீக்குப் போய்விட்டேன். நீ என்னைக் கேட்டதுபோல் நான் உன்னை ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

அண்ணாச்சியின் புகார் வேண்டாம். உன்னுடையதை எழுது. எப்படி இருக்கிறாய் அக்கா?

உன்,
சித்ரா


திருநெல்வேலி டவுண்,
4.10.1998

என் சித்ரா,

உன் கடிதமும் டிஸ்க்கும் வந்து ஒரு வாரம் ஆகிறது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்காருவதும், ரவை வறுக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும் என்று எழுந்து போவதுமாக நாள் கழிந்தது. பொய்ப் புகார் எழுதும்போது பேனா எவ்வளவு வேகமாக ஓடியது!

அப்பா படம் திறந்தது. நானும் உன் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மேலப்பாளையம் போனது உனக்குப் புகார் தேடி என்று எழுதியிருந்தேன். அது பாதிதான். அண்ணாச்சி கடையில் மெஷின் ஓரத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. சனிக்கிழமை போனால் அதைத் துடைத்துப் போடுவார், டீ வரும். அவர் சம்சாரம் ஜுபைதா பீவி உள்ளே இருந்து, "டீச்சர் வந்துட்டாவளா?" என்று குரல் கொடுப்பார். சிற்றாறு அந்தக் கடையில் இல்லாமல் போன பிறகும் நான் போனேன். உனக்கு என்ன எழுதலாம் என்று பேசிச் சிரிப்போம். வாரம் முழுக்க நான் சிரிப்பது அந்த ஒரு மணி நேரம்தான். வகுப்பில் கணக்குப் போடுவது பேச்சில் சேர்த்தி இல்லை. உண்மை வெளிப்பட்ட பிறகு எனக்கு அங்கே போகக் காரணம் இல்லாமல் போய்விட்டது. ஆனியிலிருந்து போகவில்லை. போன வாரம் அண்ணாச்சியை டவுண் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "ஏன் டீச்சரம்மா வாரதே இல்ல? புகார் இல்லாட்டா என்ன, டீ இருக்குல்லா" என்றார். எனக்கு நடுத்தெருவில் கண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் அடுத்த அறையில் ரேடியோவை வைத்துவிட்டு இந்த அறையில் உட்காருகிறேன். யாரோ உள்ளே பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். செய்தி எதுவும் கேட்பதில்லை. அம்மா போனபோது அப்பா இருந்தார், அப்பா போனபோது நீ இருந்தாய். உன் கல்யாணத்தை நான்தான் முன்னே நின்று நடத்தினேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அன்றைக்கு விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு வீட்டைப் பூட்டக் கை வராமல் வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஓடி வந்துவிடாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உனக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேனே! அதுவும் பொய்தான் சித்ரா. அதை மட்டும் அண்ணாச்சி சொல்லித் தரவில்லை, நானே எழுதினேன்.

நான் நன்றாக இல்லை. மார்கழியில் எனக்கு லீவு. மாப்பிள்ளைக்கும் தனியாக எழுதிவிட்டேன், அவர் சரி என்பார். டிஸ்க் எதுவும் கொண்டுவராதே, செய்ய வேலை எதுவும் இல்லை. வந்து ஒரு மாதம் என்கூட இரு.

சங்கரி